தேதி இல்லாத சாவு

ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று வழக்கு வந்தால் நீதிமன்றம் என்ன செய்யும்? மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், பிரிவு 108, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், ‘இல்லை, இருக்கிறார்’ என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பிரிட்டிஷார் இந்தியாவுக்கு 1872-இல் எழுதிய சட்டத்தின் வழி வந்தது இது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏழு ஆண்டு கழிந்ததும் அவர் இறந்துவிட்டார் என்று சட்டம் கொள்ளும். என்றைக்கு இறந்தார் என்று சொல்லாது. தேதி வேண்டும் என்பவர் அதைத் தனியாக நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாட்டிக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். 1943-இல் மேருவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தன் அண்ணனுக்கு அவர் கடைசிவரை படையலில் இலை போடவில்லை. ஆடி அமாவாசைக்கு அப்பா, அம்மா, கைக்குழந்தையாகவே செத்துப்போன தங்கை என்று எல்லோருக்கும் இலை விழும். அண்ணனுக்குக் கிடையாது. “உசுரோட இருக்கறவனுக்கு எலை போட்டா அவனுக்கு ஆவாது” என்பார். பாட்டி 2011-இல் போனார். அப்போது அண்ணன் இருந்திருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். பாட்டி போன பிறகு அந்த இலை அப்பாவின் பொறுப்பாயிற்று. “மாமாவுக்கும் இனிமே போட்டுருவோமா? எந்தத் தேதிக்குப் போடறது? நீதான் படிச்சவன், எங்கயாச்சும் பேரு கீரு இருக்கான்னு பாரு.”

அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முனியாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு முனியாண்டி இருந்திருப்பார். சிக்கலே அதுதான்.

ஆவணத்தில் உறவைத் தேடுகிறவர்கள் தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 152,184 பேரும் கப்பல் வாரியாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. நான்காம் தலைமுறைப் பேரப்பிள்ளை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டில் ஒரு கிராமத்தைத் தேடி வந்து நிற்க முடிகிறது. மொரிஷியஸில் இன்னும் ஒரு படி மேல். அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் கூலிகளின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன.

எதற்கு அவ்வளவு அக்கறை? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. தழும்பைக் குறித்து வைத்ததன் காரணம் அதுதான். எந்தப் பதிவேடும் அதை எழுதியவனின் கேள்விக்கு மட்டும்தான் பதில் வைத்திருக்கும். நாம் நூறு ஆண்டு கழித்து வேறொரு கேள்வியோடு போய் நிற்கிறோம். சில சமயம் அதிர்ஷ்டவசமாக இரண்டு கேள்விகளும் ஒரே வரியில் சந்தித்துக்கொள்கின்றன.

மலாயாவில் அந்த அதிர்ஷ்டம் குறைவு. இங்கே ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நின்றது. அதன் பிறகு 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை நம்மவர்களில் பெரும்பாலோர் கங்காணி வழியாக வந்தார்கள். நாகப்பட்டினத்திலோ மதராஸிலோ கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, தடுப்பு முகாமில் நாள்கணக்கில் கிடந்து, பிறகு தோட்டம். ஒப்பந்தம் கிடையாது, ஆகவே சட்டப்படி ‘சுதந்திரமான’ கூலிகள். கங்காணிக்குக் கிடைத்ததற்குப் பெயரே தலைக்காசு. வேலைக்கு வந்த தலைக்கு இத்தனை காசு. தலையை எண்ணினால் போதும், பெயர் எதற்கு? தோட்டத்தில் கிராணி வைத்திருந்த செக்ரோலில் பெயர் இருந்தது, அதுவும் சம்பளத்துக்காக. தோட்டம் கைமாறும்போது, துண்டாடப்படும்போது, ரப்பர் போய் செம்பனை வரும்போது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வரும்போது, எந்த முதலாளி பழைய செக்ரோலைக் கட்டிக்கொண்டு அழுவான்? மேருவிலிருந்து கிள்ளானுக்குப் போகும் வழியில் நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் தொழிற்சாலைகளும் லாரிகளும்தான். அடியில் எந்தத் தோட்டத்தின் எத்தனையாவது லயம் கிடக்கிறது என்று அப்பா கை நீட்டிச் சொன்னால்தான் உண்டு.

கட்டப்பட்டவர்களுக்குத் தடயம் இருக்கிறது, கொஞ்சம் தளர்த்திக் கட்டப்பட்டவர்களுக்கு இல்லை என்பது விசித்திரமான நியாயம். கட்டிப்போட்டிருக்கலாமே என்று யாரும் ஏங்க முடியாது. ஆனாலும் ஒரு தழும்பாவது எழுதப்பட்டிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

சயாம் பாதைக்கு வருவோம். பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட்வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்திருப்பார்கள். இறந்தவர்கள் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு, அதற்கு மேல் என்பவர்களும் உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களின் நடையைக் கவனியுங்கள். முதல் கூட்டத்துக்கு எண்ணிக்கை, இரண்டாவதற்கு மதிப்பீடு.

எங்கள் தோட்டத்தில் நடந்ததும் எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றிய கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சரக்கு வண்டியில் பான்போங், அங்கிருந்து காட்டுக்குள் நடை. மே மாதம் மேல்முகாம்களில் காலரா இறங்கியது.

போர்க்கைதிகளின் சாவு எப்படிப் பதிவானது என்று படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. ஜப்பானியர்கள் கைதிகளுக்கு ஆளுக்கொரு அட்டை போட்டிருந்தார்கள். அந்த அட்டைகளில் 50,000-க்கும் மேற்பட்டவை இன்று லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அது ஆள்வோரின் பதிவு. அதோடு இன்னொரு பதிவும் இருந்தது. கைதிகள் தாங்களே இறந்தவர் பெயர், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் ரகசியமாக எழுதி, தகர டப்பாவிலும் போத்தலிலும் அடைத்துப் புதைகுழிக்குள்ளேயே மறைத்து வைத்தார்கள். மாட்டினால் அடி உதை, அதற்கு மேலும் நடக்கலாம். 1945 செப்டம்பரில் விடுதலையானதும் அவர்களில் ஒரு சிறு குழு, வீட்டுக்குப் போகாமல், பாதை நெடுகத் திரும்பிப் போய் 144 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே அரசு செய்ததைவிடப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் செய்ததுதான் அதிகம்.

நம்மவர் முகாமில் அப்படி யாரும் எழுதவில்லையா என்று கேட்கத் தோன்றும். எழுதத் தெரிந்தவர்களே குறைவு. அவர்களுக்கு ராணுவ அமைப்பும் கிடையாது, மருத்துவரும் கிடையாது. 1943-இல் சாங்கியிலிருந்து கே படை, எல் படை என்று கைதி மருத்துவர்களை ஜப்பானியர் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவர்களாலும் பிணங்களை எண்ண முடிந்ததே தவிர, பெயர் கேட்டு எழுத மொழியும் நேரமும் எங்கே இருந்திருக்கும்? 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு பெரும் புதைகுழி தோண்டப்பட்டபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. போத்தல் எதுவும் கூடவே வரவில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பாதை போடுவதற்கு ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக்கரை ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் சயாம் பகுதிப் பாதையைத் தாய்லாந்து அரசுக்கு 1.25 மில்லியன் பவுனுக்கு விற்றார்கள். மலாயா, பர்மா, டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ரயில்வேக்கள் இழந்த சாமான்களுக்கு அந்தப் பணம் ஈடாகக் கொடுக்கப்பட்டது. எந்த ஊர்த் தண்டவாளம் எத்தனை மைல் போனது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை முனியாண்டி போனார் என்று கேட்டு ஈடு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

(இதைத் தமிழர் துயரம் என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேருவில் ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய மலாய்க் குடும்பங்கள் நிறைய. ‘ரொமுஷா’ என்ற சொல் இந்தோனேசியாவில் பள்ளிப் பாடத்திலேயே வரும். பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எல்லோரும் அந்தக் குழிகளில் கிடக்கிறார்கள். எலும்பில் இனம் எழுதியிருக்காது.)

ஆக, காப்பகங்களில் பெரிய மாமா இல்லை. அவருக்குப் புகைப்படமும் கிடையாது. படம் ஒட்டிய ஐ.சி. 1948-இல்தான் வந்தது. நமக்கென்று இருக்கும் பதிவேடுகள் வேறு வகை. மொய் நோட்டு, தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் புத்தகம், கோயில் வரவு செலவு நோட்டு, பச்சை குத்திய கை. பாட்டியின் முன்கையில் அண்ணனின் பெயர் பச்சையாக இருந்தது. தழும்பைக் குறித்துக்கொண்ட வெள்ளைக்காரனுக்கு எதிர்ப்பக்கம் என்று அதைச் சொல்லலாம். பாட்டியோடு அதுவும் போய்விட்டது.

இரண்டு விஷயம் கிடைத்தன. ஒன்று வாய்மொழி. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் 1946-இல் லயத்துக்கு வந்து, ‘நீக்கே முகாமில் காலராவில் கிடந்தான், மறுநாள் அந்த இடத்தில் இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். செத்ததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் பாட்டி அறுபத்தைந்து வருஷம் குடியிருந்தார். மற்றது எழுத்து. பழைய தோட்டக் கோயிலின் நோட்டு ஒன்று, இப்போது கோயில் இடம்மாறி ஒரு நிர்வாகியின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. 1946 திருவிழா நன்கொடைப் பக்கத்தில் அவருடைய பெயர், நேராக ‘2 வெள்ளி’. தகப்பன் பெயர் இல்லை, லயம் எண் இல்லை.

அதைப் பார்த்ததும் என் சித்தப்பா அழுதுவிட்டார். “வந்திருக்காருய்யா. வந்து சாமிக்குக் காசு குடுத்துட்டுப் போயிருக்காரு.”

அந்தத் தோட்டத்தில் அந்தப் பெயரில் குறைந்தது நான்கு பேர் இருந்ததாக அப்பா எண்ணிச் சொல்கிறார். தோட்டத்துக்கு வந்து சாமிக்குக் காசு கொடுத்தவர் மூன்றாவது லயத்தில் இருந்த தங்கச்சியைப் பார்க்காமல் போவாரா என்பது என் கேள்வி. சித்தப்பாவுக்கு அது கேள்வியாகவே படவில்லை. “என்னமோ காரணம் இருந்திருக்கும்.”

தேடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் வரும். பெயர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது, மனசு பொருந்தத் தவிக்கிறது. எடுத்துக்கொண்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டையும் நாம் நாவலாக மட்டும் படிப்பதில்லை, காணாமல் போன ஆவணத்துக்குப் பதிலாகவும் படிக்கிறோம். அங்கே ஒரு பாத்திரம் நம்ம தாத்தாவாகிவிடுவதில் தப்பே இல்லை. அந்தப் பாத்திரத்தை நாம் எடுத்துக்கொண்டால் வேறு யாரும் இழப்பதில்லை. நோட்டில் இருக்கும் முனியாண்டி அப்படி இல்லை. அந்த இரண்டு வெள்ளியை ஒரு மனிதர் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை நம் மாமாவின் கணக்கில் எழுதினால், அந்த ஆளை அந்த ஒரே வரியிலிருந்தும் வெளியே தள்ளுகிறோம். பெயர் இல்லாமல் போனவர்களுக்காகப் பேசிக்கொண்டே இன்னொருவரைப் பெயரில்லாமல் ஆக்குவது. செய்வது பாசத்தால் என்பதால் அது சின்னத் திருட்டாகிவிடாது.

அப்பாவின் அவசரம் இதற்கு நேர் எதிர். அவருக்கு நீக்கே சாட்சியம் போதும், 1943 ஜூன் என்று ஒரு திதியைக் குறித்துவிடலாம். தேதி தெரியாவிட்டால் அமாவாசைக்குச் செய்துகொள்ளலாம் என்று நம் வழக்கமே இடம் கொடுக்கிறது. தர்ப்பணத்தில் உறவே இல்லாதவர்களுக்கும் காருண்ய பித்ருக்கள் என்று எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். சட்டத்தைப் போலவே சடங்கும் தேதி இல்லாத சாவைத் தாங்கும் என்று சொன்னேன். “அது ஊருக்குப் பொதுவா போடறது. எங்க மாமனுக்குன்னு ஒரு நாள் வேணாமா?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. காஞ்சனபுரியில் கல்லறை வரிசையில் நிற்கும் ஆஸ்திரேலியப் பேரனுக்குக் கிடைத்ததைத்தான் அவரும் கேட்கிறார்.

இதற்கு நடுவில் இன்னொரு வீடு இருக்கிறது. பெரிய மாமாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனைவி இருந்தார். அத்தை 1948-இல் வேறொருவரைக் கட்டிக்கொண்டார். ஐந்து வருஷம். சட்டத்தின் ஏழுக்கு இரண்டு குறைவு. அன்றைக்கு யாரும் சட்டத்தைக் கேட்கவில்லை. இந்துக் கல்யாணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது 1982-இல்தான் வந்தது. ஆனால் பாட்டி அத்தையோடு சாகும்வரை பேசவில்லை. பாட்டிக்கு அண்ணன் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது, அத்தைக்கு அவர் செத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டுமே பிழைப்பதற்காகத்தான். ரேஷன் காலத்தில், இருபது வயதில், ஒண்டியாக லயத்தில் கிடந்த ஒரு பெண்ணை நம்பிக்கையோடு காத்திரு என்று சொல்வது மற்றவர்களுக்குச் சுலபம். ‘இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள்’ என்று பிரிவு 108 சொல்லும்போது யாரைச் சொல்கிறது? தங்கச்சியையா, பெண்டாட்டியையா? இரண்டு பேருக்கும் ஒரே மௌனம்தான் வந்தது. இரண்டு பேரும் அதை வேறு வேறாகப் படித்தார்கள்.

அத்தையின் மகன் கிள்ளானில் இருக்கிறார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நோட்டில் பெயர் கிடைத்த செய்தி அவர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ தேடு. வேணாங்கல. ஆனா எங்கம்மா அஞ்சு வருசம் காத்திருந்தாங்கன்னு முதல்ல எழுதிக்கோ. அதுக்கப்பறம் மிச்சத்த எழுது.”

1946 நோட்டில் இருப்பது மாமாதான் என்றால் அத்தையின் இரண்டாவது கல்யாணம் வேறு அர்த்தம் கொள்கிறது. சித்தப்பாவின் கண்ணீருக்குப் பின்னால் அந்த அர்த்தமும் காத்துக்கொண்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல். தேடல் என்றால் உண்மையைத் தேடுவது, அதில் யாருக்கு என்ன ஆனால் என்ன என்று சிலர் சொல்வார்கள். வழக்கு மன்றத்துக்கு அது சரி. எங்கள் குடும்பத்தில் அந்த உண்மைக்காக விசாரணைக் கூண்டில் நிற்கப்போவது செத்துப்போன ஒரு பெண் மட்டும்தான். மாமாவை அனுப்பிய ஜப்பான்காரனோ, தலைக்கு இத்தனை என்று ஆள் கொடுத்த தோட்ட நிர்வாகமோ நிற்கப்போவதில்லை.

இப்போது மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் உலகத்தில் எங்கே ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். போருக்குப் பிறகு சயாமிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் உண்டு, அங்கேயே பெண் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள். மாமாவும் அப்படித் தங்கியிருந்தால்? பாட்டி ஆசைப்பட்டபடியே அவர் உயிரோடு இருந்து, பாட்டி ஆசைப்படாதபடி வராமல் இருந்துவிட்டார் என்றாகும். அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்ற கடமை அவருக்கு இருந்ததா? துரையும் தண்டலும் கிராணியும், விடிவதற்கு முன் பெரட்டும் காத்திருந்த இடம் அது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மனிதனுக்கு, யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் இருப்பது வாழ்க்கையில் கிடைத்த ஒரே விடுதலையாகவும் இருந்திருக்கலாம். அவரை எழுபத்தைந்து வருஷம் கழித்து எச்சில் வழியாகப் பிடித்து இழுத்துவர எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அத்தை வீட்டாரும் சேர்ந்து கேட்டால் ஒழிய அனுப்புவதில்லை என்று இப்போதைக்கு முடிவு. சித்தப்பாவுக்கு இதில் வருத்தம். “நீ ரொம்பப் படிச்சிட்ட” என்கிறார்.

2023-இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் சயாம் பாதையில் மாண்ட தமிழர்களுக்கு நடுகல் வைத்தார்கள். நம் ஊர் நடுகற்களில் செங்கம் பக்கத்துக் கல்லானாலும் தருமபுரிக் கல்லானாலும் இன்னாருடைய மகன், இந்தச் சண்டையில், இந்த அரசன் காலத்தில் பட்டான் என்று பெரும்பாலும் இருக்கும். மாடு மீட்டுச் செத்தவனுக்கும் பெயர் உண்டு. காஞ்சனபுரிக் கல் எல்லோருக்கும் பொதுவானது. வைத்தவர்கள் செய்தது பெரிய காரியம், பெயர் இருந்திருந்தால் அவர்கள் செதுக்கியிருப்பார்கள். அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

இதற்கிடையில் ஒரு கோப்பு போட்டிருக்கிறேன். அத்தை ஐந்து வருஷம் காத்திருந்தது முதல் பக்கம். நீக்கேயிலிருந்து வந்தவர் சொன்னது, யார் யாரிடம் சொல்லி எங்களுக்கு வந்தது என்ற வரிசையோடு, இரண்டாவது பக்கம். கோயில் நோட்டின் நகல் மூன்றாவது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கதை எழுதவில்லை. தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது. போன ஆடி அமாவாசைக்கு அப்பா மாமாவுக்கு ஓர் இலை போட்டார், தேதி குறிக்காமல்.

அந்தப் பெயருள்ள மற்ற மூவரில் ஒருவருடைய பேரப்பிள்ளைகள் காப்பாரில் இருப்பதாக அந்தக் கோயில் நிர்வாகி சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். 1946 திருவிழாவுக்கு அவர்கள் தாத்தா இரண்டு வெள்ளி கொடுத்தாரா என்று கேட்க வேண்டும், கொடுத்திருந்தால் அந்த நகல் அவர்களிடம் இருக்க வேண்டும்.